ஏறாத படகுக்கு ஐந்து நட்சத்திரமா?

காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் கைபேசியும் கையுமாக இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

பூவாறில் படகு விடும் மாமனின் தொழிலைக் கூகுள் மேப்பில் ஏற்றிக் கொடுத்தது நீங்கள். பாலராமபுரத்துத் தறியில் நெய்த முண்டையும் நேரியதையும் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டது நீங்கள். கிளப்பின் ஓணப் போட்டிக்கு ‘அதிக லைக் வாங்கும் அத்தப்பூவுக்கு முதல் பரிசு’ என்று முகநூலில் அறிவித்ததும் நீங்கள்தான். வீட்டுப் பெரியவர்களுக்கு இதெல்லாம் பிடிபடாது. அக்ஷயா மையத்தில் போய் நிற்க அவர்களுக்குப் பொறுமையும் கிடையாது. ஆகவே இந்த வட்டாரத்துக் கடைக்கும் படகுக்கும் கோயில் வாசல் சாயக்கடைக்கும் இணையத்தில் பெயர் வாங்கித் தருகிற வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. யாரும் சம்பளம் பேசவில்லை. யாரும் நன்றி சொன்னதாகவும் தெரியவில்லை.

அந்த வேலைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்ட ஒரு வியாபாரத்தைப் பற்றித்தான் இந்த மடல். காசு கொடுத்தால் நூறு நட்சத்திரம், இன்னும் கொஞ்சம் கொடுத்தால் ஆயிரம் லைக், எதிர்க்கடைக்கு ஒற்றை நட்சத்திரம் வேண்டுமானால் அதற்குத் தனி விலை என்று வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும் வரும் செய்திகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் அதை மாமனிடம் காட்டி, வாங்கிப் போடலாமா என்று கேட்டிருப்பீர்கள். வேறு சிலர், மதிப்பீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று உங்கள் கணக்கையே வாடகைக்கு விட்டிருப்பீர்கள். கணினியோடு பழக்கமுள்ள ஒருவர், ஒரு சின்ன நிரலை எழுதிக் கிளப் போட்டியில் தன் தெருவை ஜெயிக்க வைத்திருக்கவும் கூடும். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்த மடலின் நோக்கமில்லை. ஆனால் இதில் யார் நஷ்டப்படுகிறார்கள் என்று நீங்கள் ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும்.

பூவாறிலிருந்தே தொடங்கலாம். அகத்தியமலையில் பிறந்து, காட்டாக்கடைப் பக்கம் அணையில் தேங்கி, நெய்யாற்றின்கரையைத் தொட்டு வரும் நெய்யாறு கடலில் சேரும் இடம் அது. கண்டல் காட்டுக்கு நடுவே படகில் போவதற்காகச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. படகுத்துறையில் வந்து இறங்குகிற ஒரு சென்னைக் குடும்பத்துக்கு உங்கள் ஊரில் ஒருவரையும் தெரியாது. எந்தப் படகுக்காரர் உயிர்காப்புச் சட்டை தருவார், எவர் ஆள் எண்ணிக்கைக்கு மேல் ஏற்றுவார் என்று விசாரிக்க அவர்களுக்கு வழி கிடையாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் தெரியும் 4.7 என்ற ஒரு எண். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த எண்ணை நம்பித்தான் படகில் கால் வைக்கிறார்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் அதில் பலர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆளேற்றி, இருட்டிய பிறகு ஓட்டினார்கள் என்பது எல்லாரும் படித்த செய்தி. அந்த விபத்துகளுக்கும் போலி நட்சத்திரங்களுக்கும் தொடர்பு இருப்பதாக இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு படகில் ஏறி இறங்கிய ஒருவர், ‘சட்டை தரவில்லை, ஆட்களை அடைத்தார்கள்’ என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசுக்கு வாங்கிய நூறு ஐந்து நட்சத்திரங்கள் அந்த ஒருவரின் எச்சரிக்கையை அடியில் போட்டுப் புதைத்துவிடும். படகையே பார்க்காத நூறு கணக்குகள், படகில் நனைந்த ஒருவரை வாயடைக்கின்றன.

இந்தப் போலி ஓட்டு வித்தைக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் ஆரம்பத்திலேயே கைவைத்தவர்கள் உங்களைப் போன்ற கெட்டிக்காரப் பிள்ளைகள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். 1999 நவம்பரில் ஸ்லாஷ்டாட் என்ற தளம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. கணினியியல் மேற்படிப்புக்கு அமெரிக்காவில் எந்தக் கல்வி நிறுவனம் சிறந்தது என்பது கேள்வி. கார்னகி மெலன் மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டுப் போட ஒரு நிரல் எழுதினார்கள். மறுநாளே எம்.ஐ.டி. மாணவர்களும் ஒன்று எழுதினார்கள். கடைசியில் எம்.ஐ.டி.க்கு 21,156 ஓட்டு, கார்னகி மெலனுக்கு 21,032. மற்ற எந்தப் பல்கலைக்கழகமும் ஆயிரத்தைத் தொடவில்லை. எது சிறந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. எந்த நிரல் சிறந்தது என்பதுதான் தெரிந்தது.

அதே கார்னகி மெலனில் லூயிஸ் வான் ஆன், மானுவேல் பிளம் முதலியோர் இந்தக் கூத்தையே உதாரணமாகக் காட்டி, கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சாவை உருவாக்கினார்கள். மனிதரால் முடியும், இயந்திரத்தால் முடியாது என்ற நம்பிக்கையில் வைத்த பூட்டு. அந்தப் பூட்டு எவ்வளவு நாள் தாங்கியது? 2009ல் டைம் பத்திரிகை, உலகின் செல்வாக்குமிக்க நூறு பேர் யார் என்று இணையத்தில் ஓட்டெடுத்தது. 4சான் தளத்துக் கூட்டம் தானியங்கி ஓட்டுகளால் தங்கள் தளத்தை நிறுவியவரை முதலிடத்தில் உட்கார வைத்தது. அதோடு விடாமல், முதல் 21 பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகப் படித்தால் தங்களுக்குள் புழங்கும் ஒரு கேலி வாசகம் வரும்படி பட்டியலையே அடுக்கிக் காட்டியது. இடையில் பத்திரிகை கேப்சாவை வைத்துத் தடுக்கப் பார்த்தது. கூட்டம் சளைக்கவில்லை, புதிர்களைக் கையாலேயே வேகமாகத் தட்டி முடித்தது.

பூட்டு போதாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்தினால் அந்த இடத்துக்குக் கூலிக்கு மனித விரல்கள் வரும். 2017 ஜூனில் தாய்லாந்துப் போலீஸ், கம்போடிய எல்லையை ஒட்டிய ஊரில் ஒரு வாடகை வீட்டுக்குள் நுழைந்தது. சட்டங்களில் வரிசையாக மாட்டிய ஏறத்தாழ 500 கைபேசிகளும் 3,47,200 சிம் கார்டுகளும் அகப்பட்டன. சீனாவில் விற்கும் பொருள்களுக்கு வீசாட்டில் லைக்கும் பார்வைகளும் குவிப்பதுதான் அங்கே வேலை. உங்கள் ஊரைப் போல அதுவும் ஒரு எல்லையோர ஊர்தான்.

பலர் இதை விளையாட்டு என்று நினைக்கக் காரணம் சினிமா. களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் படம், இந்தப் பக்கம் மலையாளப் படம் என்றில்லாமல் இரண்டையும் கொண்டாடும் ஊர்கள் உங்களுடையவை. விஜய்க்கும் மோகன்லாலுக்கும் ஒரே முக்கில் ஃப்ளெக்ஸ் வைப்பீர்கள். பிடித்த நடிகரின் படத்துக்குப் பத்துக்குப் பத்து, பிடிக்காதவர் படத்துக்கு ஒன்று என்று மதிப்பெண் போடும் பழக்கம் எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். 2023 அக்டோபரில், படம் வெளியான கையோடு திட்டமிட்டு மோசமான விமரிசனங்களைக் குவிக்கிறார்கள் என்று ஒரு மலையாள இயக்குநர் தொடுத்த வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் விசாரித்தது. நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் 2024 மார்ச்சில் அறிக்கை தந்தார். படம் வெளியாகி 48 மணி நேரத்துக்குள் விமரிசனம் வெளியிடுவதை வ்லாகர்கள் தவிர்க்க வேண்டும் என்பது அவருடைய யோசனைகளில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் முதல் மூன்று நாள் விமரிசனத்துக்கே தடை கேட்டார்கள். கருத்துரிமையைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது.

கூலிப்படை ஓட்டுப் பெருகினால், நேர்மையாகப் படம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவரின் வாய்க்கும் பூட்டுப் போடச் சொல்லி யாராவது நீதிமன்றத்துக்குப் போவார்கள். நடப்பது அதுதான்.

நல்ல படமும் தப்புவதில்லை. 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ ஐ.எம்.டி.பி.யில் 9.6 வரை ஏறி, ‘ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்’ படத்தின் 9.3ஐ முந்தியது. அதை இயந்திரம் ஏற்றியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருளர் குடும்பத்துக்கு நேர்ந்த அநீதியைப் பார்த்துக் கலங்கிய ஆயிரக்கணக்கானோரின் நிஜமான ஓட்டாகவே பெரும்பகுதி இருந்திருக்கும். ஆனாலும் அந்த எண்ணைக் கண்டவுடனே ‘கூட்டம் சேர்ந்து ஏற்றியது’ என்று சொல்ல ஆள் வந்தது. போலி ஓட்டு புழங்கும் ஊரில் நல்ல ஓட்டுக்கும் மரியாதை போய்விடுகிறது. 2022 மார்ச்சில் ‘காஷ்மீர் ஃபைல்ஸ்’ படத்துக்கு வழக்கத்துக்கு மாறான வாக்களிப்பு நடக்கிறது என்று ஐ.எம்.டி.பி.யே அறிவிப்புப் போட்டு, கணக்கிடும் முறையை மாற்றியது. 10ல் நின்ற எண் 8.3க்கு இறங்கியது. 2020 மே மாதம் யூடியூப்காரர்களுக்கும் டிக்டாக்காரர்களுக்கும் நடந்த சண்டையில் டிக்டாக் செயலியின் மதிப்பீடு 4க்கு மேலிருந்து 1.2 வரை சரிந்தது. கூகுள் லட்சக்கணக்கான மதிப்பீடுகளைத் துடைத்தெறிந்ததும் பழைய நிலைக்கே திரும்பியது. எல்லாவற்றையும் மிஞ்சியது 2017 ஏப்ரல் கதை. ஸ்னாப்சாட் தலைவர் இந்தியாவை ஏழை நாடு என்று சொன்னதாகச் செய்தி பரவியதும், கொதித்துப்போன நம் ஆட்கள் ஒற்றை நட்சத்திரத்தை அள்ளி வீசினார்கள். அதில் ஒரு பங்கு, பெயரின் முதல் பாதி ஒத்துப்போன ஒரே குற்றத்துக்காக, டெல்லிக்காரர்கள் நடத்தும் ஸ்னாப்டீலுக்குப் போய்ச் சேர்ந்தது.

சிரிக்கலாம். ஸ்னாப்டீலில் கைத்தறித் துணி விற்றுக்கொண்டிருந்த யாராவது அன்று சிரித்திருப்பார்களா?

‘எல்லாரும் செய்யுறாங்க, நாம மட்டும் யோக்கியமா இருந்தா தொழில் போயிரும்’ என்று நீங்கள் சொல்வது நியாயமான பயம்தான். பாலராமபுரத்தில் இந்தப் பயம் இன்னும் கூர்மையானது. பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட சாலியர் குடும்பங்கள் கட்டியெழுப்பிய தொழில் அது. புவிசார் குறியீடும் பெற்றது. விசைத்தறித் துணியை அதே பெயரில், பாதி விலைக்கு, பளபளக்கும் நட்சத்திரங்களோடு விற்பவரை எதிர்த்து ஒரு நெசவாளி என்ன செய்ய முடியும்? நாமும் நட்சத்திரம் வாங்கலாம் என்று தோன்றும். அந்தப் பந்தயத்தில் தறிக்காரர் ஜெயிக்கவே முடியாது. விசைத்தறிக்காரரிடம் பணம் அதிகம்; நட்சத்திரம் விலைக்குக் கிடைக்கும் சந்தையில் பணம் உள்ளவருக்குத்தான் நட்சத்திரம். ஒரு சேலையை வாங்கி உடுத்தி, துவைத்து, மறுபடி உடுத்திய ஒரு பெண்ணின் சொந்த வார்த்தை ஒன்றுதான் தறிக்காரரிடம் இருக்கும் சொத்து. அதன் மதிப்பைக் கெடுப்பதற்கு நீங்கள் உடந்தையாக இருக்கிறீர்கள்.

அகப்படவே மாட்டோம் என்றும் நினைக்காதீர்கள். விதிமீறிய மதிப்பீடுகள் என்று 2023ல் 17 கோடிக்கு மேலும், 2024ல் 24 கோடிக்கு மேலும் தடுத்ததாக அல்லது நீக்கியதாகக் கூகுள் சொல்கிறது. ஒரே இரவில் கொத்தாக விழுந்தவை, புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலிருந்து வந்தவை, ஒரே கைபேசியில் மாறி மாறிப் போட்டவை என்று சல்லடை போட்டுத் தேடுகிறார்கள். வலை விழும்போது உங்கள் மாமனுக்கு மெனக்கெட்டு நல்ல வார்த்தை எழுதிய நிஜமான நாலு பேரின் மதிப்பீடும் சேர்ந்து போகலாம். கூகுளின் லோக்கல் கைடு பட்டத்துக்காக, ஒரு மதிப்பீட்டுக்கு 10 புள்ளி, ஒரு படத்துக்கு 5 புள்ளி என்று நீங்கள் சேர்த்துவைத்ததும் கணக்கோடு போகும்.

சட்டமும் உறங்கவில்லை. இந்தியத் தர அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. எழுதுபவர் யார் என்று உறுதிசெய்ய வேண்டும், காசு கொடுத்து வாங்கிய மதிப்பீட்டை வெளியிடக் கூடாது என்பது அதன் சாரம். விருப்பப்பட்டவர் பின்பற்றலாம் என்ற அளவில் அதை விட்டது அரசின் பலவீனம். சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்க வணிக ஆணையம் 2024ல் கொண்டுவந்த விதி, போலி மதிப்பீட்டை வாங்குவதையும் விற்பதையும் அபராதத்துக்குரியதாக்கிவிட்டது. இத்தாலியில் லெச்சே நகர நீதிமன்றம் 2018ல், உணவகங்களுக்குப் போலி மதிப்பீடு எழுதி விற்ற ஒருவருக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது.

சிறையைவிட அருகில் இருக்கும் ஆபத்து வேறொன்று. ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் போதும்’ என்று டெலிகிராமில் வரும் அழைப்பு. முதல் நாள் மூன்று மதிப்பீடு. நூற்றைம்பது ரூபாயோ என்னவோ நிஜமாகவே வங்கிக் கணக்கில் விழும். அடுத்தது ‘முன்பணம் கட்டும் டாஸ்க்’. ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு திரும்பும். அப்புறம் ஐயாயிரம், ஐம்பதாயிரம். ஒருநாள் குழுவே காணாமல் போகும். இந்தக் கதை கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சைபர் போலீசுக்கு மனப்பாடம். பட்டதாரிகளும் செவிலியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இதில் லட்சங்களை இழந்திருக்கிறார்கள். இன்னொரு படி மோசமாக, உங்கள் வங்கிக் கணக்கை ‘கொஞ்ச நாளைக்கு’ கேட்பார்கள். வேறு யாரிடமோ சுருட்டிய பணம் அதன் வழியாகப் போகும். போலீஸ் வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர். முதல் நட்சத்திரம் போட்ட அன்றே தூண்டில் இறங்கிவிட்டது. பணம் போனதும் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்கு நகரும்.

இனி, போட்டி நடத்தும் கிளப்புக்காரர்களிடம் ஒரு பேச்சு. உங்களுக்குக் கள்ளவோட்டு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் கேரளம் முழுக்க இரட்டைப் பதிவுச் சண்டை நடந்ததே. அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா லட்சக்கணக்கில் இருக்கிறது என்றார். தேர்தல் ஆணையம் 38,586 என்றது. கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்டது. விரலில் மை வைப்பது எதற்கு? ஓட்டுப் போட்ட ஆளை ஒருமுறைக்கு மேல் போடவிடாமல் தடுக்க. இணையத்தில் விரலும் இல்லை, மையும் இல்லை. ஒருவர் நினைத்தால் நூறு பேராகலாம். ஆட்களை உறுதிசெய்ய நம்பகமான ஒரு மையம் இல்லாத எந்த ஏற்பாட்டிலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது என்று மைக்ரோசாஃப்டின் ஜான் டூசர் 2002லேயே எழுதிவிட்டார். ஆகவே, நூறு பேராவதற்கு ஆகிற செலவை ஏற்றுவதுதான் மிஞ்சியுள்ள வழி.

நிரலாளர்கள் கேள்வி பதில் பரிமாறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பாருங்கள், 2008லிருந்து நடக்கிறது. அங்கே சேர்ந்த அன்றே ஓட்டுப் போட முடியாது. உருப்படியாக ஏதாவது எழுதி 15 புள்ளி சம்பாதித்தால்தான் ஒருவருக்கு ஆதரவு ஓட்டுப் போடலாம். எதிர்த்துப் போட 125 புள்ளி வேண்டும். ஒரே ஆளுக்கு யாராவது சரமாரியாக ஓட்டுப் போட்டால், தினமும் ஓடும் ஒரு நிரல் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி எடுத்துவிடும். ஓட்டுரிமையை உழைத்து வாங்க வைத்ததால், போலிக் கணக்கு வளர்ப்பது கட்டுப்படியாகாத தொழிலாகிவிட்டது. முழுதாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஏமாற்ற நினைப்பவர் முதலில் நூறு பேரின் வேலையைச் செய்ய வேண்டும்.

உங்கள் அத்தப்பூப் போட்டிக்கு இவ்வளவு வேண்டாம். லைக் எண்ணிக்கையை வைத்து மட்டும் பரிசு கொடுக்கிற வழக்கத்தை விடுங்கள். பாதி மதிப்பெண்ணை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மூன்று பெரியவர்களிடமோ, குடும்பஸ்ரீ அக்காமாரிடமோ கொடுங்கள். இணைய ஓட்டு வேண்டுமென்றால் கிளப் உறுப்பினர் பட்டியலில் உள்ள எண்ணுக்கு ஒன்று என்று வையுங்கள். முடியும்வரை யார் முன்னிலை என்று காட்டாதீர்கள். எண் தெரியத் தெரியத்தான் அடுத்த தெருக்காரனுக்கு வேகம் வரும். நள்ளிரவில் பத்து நிமிடத்தில் முந்நூறு லைக் விழுந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டோம் என்று விதியிலேயே எழுதுங்கள். சேர்க்காமல் விட்டால், விட்டது ஏன் என்று கேட்க வருபவருக்குக் கூட்டத்தில் நேரில் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் தப்பான ஆளைப் பிடிப்பதும் நடக்கும்.

படகுக்கும் கடைக்கும் பக்கம் நடத்துகிறவர்கள், கேட்டு வாங்குங்கள். இறங்கும்போது, ‘சார், உள்ளதை உள்ளபடி எழுதுங்க’ என்று ஒரு வார்த்தை. இதில் குற்றமில்லை. ஐந்து போட்டால் கட்டணத்தில் கழிவு என்று சொன்னால்தான் குற்றம். திட்டி எழுதியவருக்கு அடுத்த நாளே மரியாதையாகப் பதில் எழுதுங்கள். சட்டை பற்றாக்குறை என்றால் வாங்கி வைத்துவிட்டு, வாங்கிவிட்டோம் என்று எழுதுங்கள். பொய்யாக எண்ணை ஏற்றுவது சுலபம்தான். லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் 2017ல் தான் வசித்த தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று சொல்லி, நண்பர்களை விதவிதமான கருவிகளிலிருந்து எழுதவைத்து, டிரிப்அட்வைசர் பட்டியலில் லண்டனின் முதல் இடத்துக்கே கொண்டுபோனார். முதலிடத்துக்கு வரும்வரை அங்கே ஒரு தட்டுச் சோறுகூடப் பரிமாறப்பட்டதில்லை. அவருக்கு அது ஒரு நகைச்சுவை. கொட்டகைக்குள் யாரும் மூழ்கப் போவதில்லை. பூவாறுப் பொழிமுகத்தில் தண்ணீர் ஆழம்.

கடைசியாகக் கேட்பது இதுதான். கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டு உங்கள் சுயவிவரத்துக்குப் போனால் நீங்கள் இதுவரை போட்ட மதிப்பீடுகள் எல்லாம் வரிசையாக வரும். கால் வைக்காத கடை, ஏறாத படகு, தங்காத ஓட்டல், பார்க்காமலே ஒற்றை நட்சத்திரம் போட்ட எதிர்க்கடை என்று அகப்படுவதை ஒவ்வொன்றாக நீக்குங்கள். பத்து நிமிட வேலை. ஓணப் போட்டி விதிகளை இந்த முறை அறிவிப்பதற்கு முன் கிளப் கூட்டத்தில் எல்லாரும் கேட்க வாசியுங்கள். லைக்கை விலைக்கு வாங்கியது தெரிந்தால் பரிசு கிடையாது என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும். மாமன் மறுபடியும் அந்த வாட்ஸாப் செய்தியைக் காட்டி ‘நூறு வாங்கிப் போடுலே’ என்றால், அந்தக் காசுக்கு எத்தனை உயிர்காப்புச் சட்டை வரும் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.